தீப்பிடித்த வீட்டுக்குக் கீழே குடியிருக்கலாமா?

ஈசூன்வாசி | செவ்வாய், இரவு 9.12

எங்கள் புளோக்கில் எட்டாம் மாடி வீடு ஒன்று சென்ற வாரம் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மின்சார சைக்கிளின் மின்கலம் என்று பேசிக்கொள்கிறார்கள். விசாரணை முடியாததால் அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை.

நாங்கள் ஏழாம் மாடி, அந்த வீட்டுக்கு நேர் கீழே. படுக்கையறைக் கூரையில் பெரிய ஈரக்கறையும், விளக்குப் பக்கம் மயிரிழை போல ஒரு விரிசலும் இருக்கின்றன. பொறியாளர் ஒருவர் வந்தார். எரிந்த வீட்டில் நெடுநேரம் இருந்துவிட்டு, எங்கள் வீட்டுக் கூரையைச் சுத்தியலால் நாலு இடத்தில் தட்டினார். “நீங்கள் தாராளமாக இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஒன்பதாம் மாடிக்காரர்களிடம் ஓர் அறையை இப்போதைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். தீ எரிந்தது எங்கள் தலைக்கு மேல். எங்கள் கூரைதான் அந்தத் தீ எரிந்த தரை. எங்களுக்கு அனுமதி, அவர்களுக்குத் தடை என்றால் இது என்ன கணக்கு? மாமியார் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார், கூப்பிட்டாலும் வர மறுக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்தடிவழி | செவ்வாய், இரவு 9.40

நாலு தட்டு, ஒரு சான்றிதழ்! சுத்தியலை வைத்துக்கொண்டு கட்டடத்தின் ஆயுளைச் சொல்ல முடியும் என்றால் பல்கலைக்கழகம் எதற்கு, ஆய்வுக்கூடம் எதற்கு? நான் உங்கள் இடத்தில் இருந்தால் எழுத்தில் கேட்பேன் அக்கா. வாய்ச்சொல்லை நம்பிப் படுக்க வேண்டாம்.

விட்டமும்தூணும் | செவ்வாய், இரவு 11.05

எழுத்தில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்தப் பொறியாளர் சொன்னது சரியாகத்தான் தெரிகிறது. நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டமைப்புப் பொறியாளன். எரிந்த கட்டடங்களைப் பார்க்கப் போவதும் என் வேலையில் அடங்கும்.

அறைக்குள் தீ வளரும்போது சூடான புகை மேலே ஏறி, கூரையை ஒட்டித் தடித்த அடுக்காக நிற்கும். அந்தச் சூட்டில் பெரும்பங்கை வாங்குவது எட்டாம் மாடியின் கூரை, அதாவது ஒன்பதாம் மாடிக்காரர்கள் நடக்கும் தளம். தரைப்பக்கம் கடைசிவரை சூடு குறைவு. மேலே ஓடு இருக்கிறது, ஓட்டுக்கு அடியில் சிமெண்டுப் பூச்சு இருக்கிறது, எரிந்து விழுந்த சாம்பலும் சேர்ந்து மூடிக்கொள்கிறது.

அடுத்து, கம்பி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓர் அறையின் நடுப்பகுதியில் சுமை தாங்கும் முக்கியக் கம்பிகள் தளத்தின் அடிப்பக்கத்தில்தான் ஓடும். தீ ஒன்பதாம் மாடித் தளத்தை அந்த அடிப்பக்கத்திலிருந்து தாக்கியது. உங்கள் கூரைத் தளத்தை மேற்பக்கத்திலிருந்து தொட்டது. முன்னதற்குத் தடையும் பின்னதற்கு அனுமதியும் இதனால்தான்.

இனிக் கொஞ்சம் எண்கள். கட்டட உறுப்புகளை (தளம், விட்டம், தூண்) உலையில் வைத்துச் சோதிக்க, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சூடு ஏற வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 834 என்ற வளைகோட்டைப் பயன்படுத்துகிறோம். உலை 30 நிமிடத்தில் 842 டிகிரி செல்சியஸ், 1 மணி நேரத்தில் 945, 2 மணி நேரத்தில் 1,049 என்று ஏறும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் கான்கிரீட் வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. அந்த உலையில் ஒரு மணி நேரம் கிடந்த தளத்தில்கூட, தீப்பட்ட முகத்திலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே 200, 250 டிகிரி அளவில்தான் இருக்கும். சாதாரணக் கம்பிக்கு 500 டிகிரியும், இழுத்து இறுக்கிப் பதிக்கும் முன்தகைவுக் கம்பிக்கு 350 டிகிரியும் எச்சரிக்கை எல்லை என்று ஐரோப்பியக் கட்டுமான விதித்தொகுப்பான யூரோகோடு கொள்கிறது. சிங்கப்பூரில் நாங்கள் வடிவமைப்பதும் அந்த விதிகளின்படிதான். கம்பிக்கும் கான்கிரீட் முகத்துக்கும் நடுவே விடும் இடைவெளியை சைட்டில் ‘கவர்’ என்பார்கள். கம்பியின் தீப்பாதுகாப்பு அந்தச் சில சென்டிமீட்டர்தான். அந்த இடைவெளியைப் பிடித்து நிறுத்தும் கவர் பிளாக்கைச் சரியாக வைக்காமல் கான்கிரீட் ஊற்றிய தளத்தின் குற்றம் தீ வரும் நாளில்தான் தெரியும்.

சுத்தியலைக் கேலி செய்யாதீர்கள், ஐந்தடிவழி. தேங்காய் தட்டி வாங்கத் தெரிந்தவருக்கு அது புரியும். உறுதியான கான்கிரீட் ‘ணங்’ என்று எதிரொலிக்கும், உள்ளே உரிந்து நிற்பது ‘பொத்’தென்று ஒலிக்கும். தட்டிப் பார்த்தபின் சந்தேகமான இடத்தில் கொஞ்சம் கொத்தி நிறம் பார்ப்போம். 300 டிகிரியைத் தாண்டிய கான்கிரீட் பல சமயம் இளஞ்சிவப்பாகும், இன்னும் ஏறினால் சாம்பல் வெளுப்பாகும். கருங்கல் ஜல்லியில் இந்தச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப மாட்டோம். தேவைப்பட்டால் துளையிட்டு உருளைத் துண்டாகக் ‘கோர்’ எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். எரிந்த வீட்டில் அவர் நெடுநேரம் இருந்தார் என்றீர்களே, இதற்காகத்தான் இருந்திருப்பார்.

ஈரக்கறை தீயணைத்த தண்ணீர். விரிசல் எப்போது வந்தது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா? பெரும்பாலானோர் தங்கள் வீட்டுக் கூரையை நிமிர்ந்து பார்ப்பதே தீப்பிடித்த பிறகுதான். பென்சிலால் இரு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். நீண்டாலோ அகன்றாலோ உடனே கூப்பிடுங்கள்.

ஐந்தடிவழி | புதன், காலை 7.18

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் “கட்டடம் தாங்கும்” என்ற உங்கள் தொனி எனக்கு ஒப்பவில்லை, அண்ணா. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில், உலக வர்த்தக மையத்தின் விமானமே மோதாத ஏழாம் எண் கட்டடம் அன்று மாலை சரிந்தது. 2017 ஜனவரியில் தெஹ்ரானில் பிளாஸ்கோ கட்டடம், உள்ளே தீயணைப்பாளர்கள் இருக்கும்போதே விழுந்தது. 2018இல் சாவ் பாவ்லோவில் இன்னொன்று. இரும்பு உருகினால் எந்தக் கணக்கும் நிற்காது.

விட்டமும்தூணும் | புதன், மதியம் 1.22

இரும்பு உருகவில்லை! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது, மன்னிக்கவும். கட்டுமான எஃகு உருக 1,500 டிகிரிப் பக்கம் வேண்டும், அறைத் தீ அங்கே போகாது. போகத் தேவையும் இல்லை. 400 டிகிரிவரை எஃகின் வலிமை அப்படியே நிற்கும் என்று யூரோகோடு கணக்கிடுகிறது. 500இல் அது 78 விழுக்காடு, 600இல் 47, 700இல் 23. சிவந்து வளைந்து கொடுக்கும் எஃகே போதும், உருகவே வேண்டாம்.

நியூயார்க்கின் ஏழாம் எண் கட்டடம் இன்னும் சிக்கலானது. 47 மாடி. நீர்க்குழாய் சேதமடைந்ததால் கீழ்த்தளங்களில் நீர்த்தெளிப்பான்களுக்குத் தண்ணீர் இல்லை, தீ ஏறத்தாழ ஏழு மணி நேரம் தடையின்றி எரிந்தது. அமெரிக்கத் தர நிர்ணயக் கழகம் 2008இல் வெளியிட்ட அறிக்கையின்படி காரணம் வலிமையிழப்பைவிட நீட்சிதான். சூடேறிய தள விட்டங்கள் நீண்டு, ஒரு முக்கிய விட்டத்தை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன. தளங்கள் அடுத்தடுத்து விழ, 79ஆம் எண் தூண் பக்கப்பிடிப்பு இழந்து நெளிந்தது. தீத்தாங்கு நேரம் நிர்ணயிக்கும்போது வழக்கமாகக் கணக்கில் கொள்ளும் வெப்பநிலையைவிடப் பல நூறு டிகிரி குறைவான சூட்டிலேயே இது நடந்தது. 10 மீட்டர் நீளமுள்ள விட்டம் 500 டிகிரி சூடேறினால் ஆறேழு சென்டிமீட்டர் நீளும். அந்த நீளம் எங்கே போகும் என்று வடிவமைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும். தனி விட்டத்தை உலையில் வைத்துச் சுடும் சோதனை இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1990இல் லண்டன் பிராட்கேட்டில் கட்டிமுடிக்காத எஃகுக் கட்டடம் ஒன்று எரிந்தது. எஃகில் பெரும்பகுதிக்குப் பாதுகாப்புப் பூச்சே இல்லை. விட்டங்கள் தொய்ந்தன, தூண்கள் சில நசுங்கின, கட்டடம் விழவில்லை. அந்த வியப்பில்தான் 1990களின் நடுவில், கார்டிங்டனில் பழைய வான்கப்பல் கொட்டகைக்குள் எட்டு மாடி எஃகுக் கட்டடம் ஒன்றையே எழுப்பி உள்ளே தீமூட்டிப் பார்த்தார்கள். விட்டம் வலுவிழந்தபின், கம்பி வலையோடு கூடிய கான்கிரீட் தளம் குழிந்து தொங்கி, இழுவிசையால் சுமையை ஓரங்களுக்குக் கடத்துவதைக் கண்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது. தீ தணிந்து எஃகு குளிரும்போது விட்டம் சுருங்கி, மூட்டுகளை இழுத்துப் பிளக்கிறது. தீ அணைந்த கையோடு உள்ளே ஓடாதே என்று என் குழுவில் புதிதாகச் சேருபவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பூச்சுவேலை | புதன், இரவு 10.31

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே சிங்கப்பூரில் எஃகுக் கட்டடங்களில் தீப்பாதுகாப்புப் பூச்சு அடிக்கும் குழுவுக்கு மேற்பார்வையாளன். பொறியாளர் ஐயா எழுதியதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எஃகு மேல் நாங்கள் அடிக்கும் மெல்லிய பூச்சு பார்க்க வெறும் பெயிண்ட் மாதிரிதான். 200 டிகிரியைத் தாண்டியதும் அது உப்பத் தொடங்கும். ஒரு மில்லிமீட்டர் பூச்சு சில சென்டிமீட்டர்க் கரிநுரையாகி எஃகைப் போர்த்திவிடும். எவ்வளவு கனம் வேண்டும் என்பது எஃகின் பருமனைப் பொறுத்தது. மெல்லிய எஃகு சீக்கிரம் சூடாவதால் அதற்குத்தான் கூடுதல் பூச்சு. புதிதாக வரும் பையன்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வார்கள், பெரிய தூணுக்கு நிறைய, சின்ன விட்டத்துக்குக் கொஞ்சம் என்று.

காய்ந்ததும் கனமளக்கும் கருவியை ஒட்டவைத்துப் பார்ப்போம். விட்டத்தின் பக்கவாட்டில் எண் அழகாக வரும். அடி விளிம்பின் ஓரத்தில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும், பூச்சு வழிந்து மெலிந்திருக்கும். மூட்டுப் பக்கம் போல்ட் தலைகளைச் சுற்றி இன்னும் மோசம், அங்கே தெளிப்புக்குழல் நுழையாது. தூரிகையால் கையால்தான் அடிக்க வேண்டும். கழுத்தை அண்ணாந்துகொண்டு மூட்டு மூட்டாக அடிப்பது என்ன வேலை என்று ஒரு நாள் செய்து பார்த்தால் தெரியும்.

அதைவிட எனக்குக் கோபம் வருவது எங்களுக்குப் பின்னால் வருபவர்கள் மேல். குளிரூட்டிக் குழாய் மாட்ட வருவார்கள். கவ்வி பொருத்துவதற்காகப் பூச்சைச் சுரண்டுவார்கள், பொய்க்கூரை ஏறிவிடும், யாரும் பார்க்க மாட்டார்கள். மாட்ரிடில் 2005இல் எரிந்த வின்ட்சர் கோபுரத்தைப் பற்றி ஒரு பயிற்சியில் காட்டினார்கள். எஃகுக்குப் பாதுகாப்பு போடும் வேலை கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்த நேரம். வேலை எட்டாத மேல்மாடிகளில் வெளிச்சுற்று எஃகுத் தூண்கள் மடிந்து தளங்கள் சரிந்தன, நடுவிலிருந்த கான்கிரீட் நின்றது. அந்தப் படத்தை என் குழுவினரிடமும் காட்டுவேன்.

மரமேமந்திரம் | வியாழன், காலை 8.02

கட்டடக்கலை மாணவி. எஃகும் கான்கிரீட்டும் மட்டும் பேசுகிறீர்களே. நன்யாங் பல்கலைக்கழகத்தில் 2023இல் திறந்த ‘காயா’ ஆறு மாடி மரக் கட்டடம். அடுக்கி ஒட்டிய பெரிய மரப்பாளங்கள் நிமிடத்துக்கு 0.65 முதல் 0.7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். ஒரு மணி நேரத்துக்கு 4 சென்டிமீட்டர் கூடுதலாக வைத்தால் போதும். எஃகைவிட மரம்தான் நம்பகம் என்று எங்கள் விரிவுரையாளர் சொல்வார்.

விட்டமும்தூணும் | வியாழன், மதியம் 12.50

கணக்கு சரி, கூடவே சில மில்லிமீட்டர் வலிமையற்ற மரத்தையும் கழிக்க வேண்டும். “மரம்தான் நம்பகம்” என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கான்கிரீட் அறையில் சாமான் எரிந்து தீர்ந்தால் தீ தணியும். மரக்கட்டடத்தில் சுவரே விறகு. ஒட்டுப்பசை சூட்டில் இளகினால் மேலடுக்கு உரிந்து விழும், உள்ளே புதிய மரம் தீயைப் பார்க்கும், தணியத் தொடங்கிய தீ மறுபடி எழும்பும். எனவே எந்தப் பசை, எவ்வளவு மரம் திறந்து தெரிகிறது, நீர்த்தெளிப்பான் உண்டா என்ற மூன்றும் முக்கியம். மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வக்கீல் வேண்டாம், கணக்குதான் வேண்டும்.

பழையபடைவீரன் | வியாழன், இரவு 8.45

எல்லாரும் கட்டடத்தையே பேசுகிறீர்கள். தீயணைப்பு வேலை பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படையில் தேசியச் சேவை செய்தவன் என்ற முறையில் என் பங்கு. வீட்டுத் தீயில் மனிதர்களைக் கொல்வது பெரும்பாலும் புகை. தளம் விழும்வரை யாரும் காத்திருப்பதில்லை. இரண்டு மணி நேரம் தாங்கும் தூணால் என்ன பயன், புகை படிக்கட்டுக்குள் நுழைய சில நிமிடம் போதும் என்றால்?

1972 நவம்பரில் ராஃபிள்ஸ் பிளேஸில் ராபின்சன்ஸ் கடை எரிந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மின்தூக்கியில் சிக்கியவர்கள். தீயின்போது மின்தூக்கியில் ஏறாதே என்று இன்று பள்ளிப்பிள்ளைகூடச் சொல்கிறது. 2017 மே மாதம் தோ குவான் சாலைத் தொழிற்கட்டடத்தில் தீ வெளிச்சுவர்த் தகடுகள் வழியாக மேலே ஓடியது, ஒரு பெண் உயிரிழந்தார். அடுத்த மாதமே லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீ, 72 பேர் இறந்தார்கள். அங்கேயும் கான்கிரீட் கூடு கடைசிவரை நின்றது என்பதைக் கவனியுங்கள். அழகுக்காக மேலே ஒட்டியதுதான் எரிந்தது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் நமக்குச் சாதகம் இரண்டு. ஒவ்வொரு வீடும் கான்கிரீட்டால் தனியாக அடைபட்டது. தாழ்வாரம் திறந்த வெளியாக இருப்பதால் புகை வெளியேறும். இரண்டாவதைக் கெடுப்பவர்கள் நாமேதான். 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. எங்கள் மாடியில் பழைய சோபா, செய்தித்தாள் கட்டு, சைக்கிள் என்று வைத்திருக்கிறார்கள், சொன்னால் “தம்பி, நீ என்ன நகர மன்றமா?” என்கிறார்கள். 60 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட புளோக்குகளில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் காலியாகத்தான் இருக்கும், தீயணைப்பு வண்டி வந்து கீழே இணைத்தால்தான் மேலே தண்ணீர். குழாயை இழுத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தில் புகைக்குள் ஓடுபவனுக்கு அந்த சோபா என்னவென்று நான் அறிவேன்.

ஐந்தடிவழி | வியாழன், இரவு 9.30

இதில் எனக்கு மறுப்பே இல்லை. என் கவலை தேக்காவைச் சுற்றியுள்ள பழைய கடைவீடுகள். பக்கச்சுவர் செங்கல், நல்லது. உள்ளே பலகைத் தளம், மரப்படி, அதுவும் ஒரே படி. மேலே அறை அறையாகத் தட்டி அடைத்து வாடகைக்கு விடுகிறார்கள். 2025 ஏப்ரலில் ரிவர் வேலி சாலைக் கடைவீட்டுத் தீயில், எதிரே வேலை செய்துகொண்டிருந்த கட்டுமான ஊழியர்கள் ஏணியும் சாரமும் கொண்டுவந்து பிள்ளைகளை இறக்கினார்கள். அப்படியும் ஒரு சிறுமி பிழைக்கவில்லை. படியில் புகை ஏறிவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு ஜன்னலை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

விட்டமும்தூணும் | வியாழன், இரவு 10.10

ஒப்புக்கொள்கிறேன். அங்கே மரத்தளத்தின் அடியில் தீத்தாங்கு பலகை அடித்திருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும்.

ஈசூன்வாசி | வெள்ளி, இரவு 8.20

அனைவருக்கும் நன்றி. எழுத்துப்பூர்வமாகக் கேட்டேன், மின்னஞ்சலில் வந்துவிட்டது. கோடு போட்டுத் தேதியும் எழுதியாயிற்று. ஒன்பதாம் மாடித் தளத்தின் அடியில் உரிந்த கான்கிரீட்டைக் கொத்தியெடுத்துப் பழுதுபார்க்கப் போகிறார்களாம், முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி. எங்கள் பழைய புளோக்கில் தண்ணீர்க் குழாய்கள் போகும் பொந்து ஒன்று கழிப்பறைப் பக்கம் இருக்கிறது. தீயன்று அதன் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் புகைநாற்றம் வந்தது. குழாயைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி. சீரமைப்புக் குத்தகைக்காரர் நுரை அடித்து அடைத்துத் தருகிறேன் என்கிறார். போதுமா?

பூச்சுவேலை | வெள்ளி, இரவு 9.55

போதாது அக்கா. கடையில் டப்பாவில் விற்கும் சாதாரண மஞ்சள் நுரை தானே எரியும், அதைத் தீயடைப்பு என்று ஏற்க மாட்டார்கள். சைட்டில் நாங்கள் உலோகக் குழாயைச் சுற்றிக் கல்நார் மாதிரித் தெரியும் கனிமக் கம்பளியைத் திணித்து, அதன்மேல் தீத்தாங்கு சீலண்ட் (அடைப்புப் பசை) பூசுவோம். பிளாஸ்டிக் குழாய் என்றால் அதுவும் பற்றாது. தீயில் குழாயே உருகிப் போய் ஓட்டை திறந்துகொள்ளும். அதற்குச் சூட்டில் உப்பி ஓட்டையை நெரித்து மூடும் வளையம் தனியாக உண்டு, குழாயைச் சுற்றி மாட்ட வேண்டும். உங்களுடையது எந்தக் குழாய் என்று முதலில் தட்டிப் பாருங்கள். குத்தகைக்காரரிடம் அந்தப் பொருளின் சோதனைச் சான்று கேளுங்கள், எத்தனை மணி நேரத்துக்கு என்று அதில் எழுதியிருக்கும். காட்ட மறுத்தால் ஆளை மாற்றுங்கள். அந்தப் பொந்து பொதுக்குழாய் என்றால் கை வைப்பதற்கு முன் நகர மன்றத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மேலேயும் கீழேயும் அதே ஓட்டை இருக்கும்.